பையன் தலையில் வட்டமாக முடி உதிர்கிறது: புழுவெட்டா, பூஞ்சையா?

#1 · இரண்டு வாண்டுகளின் அம்மா · மார்ச் 4

வணக்கம். என் மகனுக்கு ஏழு வயது. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் தலை துவட்டிவிடும்போது உச்சிக்குப் பின்னால் கட்டைவிரல் நகம் அளவுக்கு முடி இல்லாத இடம் ஒன்று கண்ணில் பட்டது. இன்றைக்கு அது அவன் உள்ளங்கையில் பாதி. பக்கத்திலேயே குட்டியாக இன்னொன்று. பார்த்தவர்கள் எல்லாரும் "புழுவெட்டு, தானாகச் சரியாகும்" என்றார்கள். மனசு கேட்காமல் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். அறையை இருட்டாக்கி ஊதா விளக்கு அடித்துப் பார்த்தார். எதுவும் ஒளிரவில்லை, ஆகவே பூஞ்சை இல்லை என்று சொல்லி ஸ்டீராய்டு லோஷன் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் தடவியதில் அரிப்பு குறைந்தது, வட்டம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது.

வீட்டில் நான்கு மாதப் பூனைக்குட்டி ஒன்று உண்டு. பழி முழுவதும் அதன்மேல். இப்போது பால்கனியில் தனிக்குடித்தனம். பதினொரு வயது மகள் அதற்காக அழுது தீர்க்கிறாள். நேற்றிலிருந்து என் முன்கையில் சிவப்பாக ஒரு வட்டம் வேறு.

அடுத்து யாரிடம் போய் என்ன கேட்க வேண்டும்?

#2 · வழுக்கைவீரன் · மார்ச் 4

எனக்கு முப்பது வயதில் வந்தது அசல் புழுவெட்டு. தாடியில் இரண்டு, பின்தலையில் ஒன்று. தொட்டால் பளிங்குத் தரை மாதிரி வழவழவென்று இருந்தது. செதில் இல்லை, சிவப்பு இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடியின் வேரை எதிரியாக நினைத்துத் தாக்குவதால் வருவது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. (பெயரைக் கேட்டுவிட்டு அலுவலக நண்பர் ஒருவர் ஒரு மாதம் என் நாற்காலியில் உட்காரவில்லை, அது வேறு கதை.) உங்கள் பையனுக்குத் தடவிப் பார்த்தால் எப்படி இருக்கிறது?

#3 · இரண்டு வாண்டுகளின் அம்மா · மார்ச் 4

சொரசொரப்பு. சாம்பல் நிறத்தில் பொடிச் செதில். கிட்டத்தில் பார்த்தால், மூன்று நாள் மழிக்காத கன்னம் மாதிரி கறுப்புப் புள்ளிகள். பின்கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, வலி இல்லை என்கிறான்.

#4 · நுண்ணோக்கி · மார்ச் 5

ஆய்வகத்தில் பூஞ்சைப் பகுதியில் பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்கிறேன். எழுதியதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனால் குழந்தையின் தலையில் செதில், கறுப்புப் புள்ளி, பின்கழுத்தில் நெறி, அம்மாவின் கையில் வட்டம் என்று நான்கும் சேர்ந்து வந்தால், பூஞ்சை இல்லை என்று நிரூபிக்கும் வரை அது பூஞ்சைதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊதா விளக்கு பற்றிச் சொல்ல வேண்டும். அதன் பெயர் வுட்ஸ் விளக்கு. ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1903-ல் செய்த வடிகட்டிக் கண்ணாடியிலிருந்து வந்தது, 1925-லிருந்து தோல் நோய்க்குப் பயன்படுகிறது. அருமையான கருவி, ஆனால் ஒரு சில பூஞ்சைகளுக்கு மட்டும். மைக்ரோஸ்போரம் வகைகள் முடித்தண்டின் வெளிப்பக்கம் வித்துகளை உறை மாதிரிப் போர்த்தும்; அவற்றில் சில பச்சையாக ஒளிரும். ட்ரைக்கோஃபைட்டான் டான்சுரன்ஸ், ட்ரைக்கோஃபைட்டான் வயலேசியம் போன்றவை முடிக்குள்ளே புகுந்து வித்துகளை அடைத்துவைக்கும். அவை ஒளிரவே ஒளிராது. ஒளிர்ந்தால் பூஞ்சை என்று சொல்லலாம். ஒளிரவில்லை என்றால் ஒன்றுமே சொல்ல முடியாது. இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கறுப்புப் புள்ளியும் அதே கதைதான். உள்ளே வித்து நிறைந்த முடி உளுத்த மூங்கில் மாதிரி. தோலைத் தாண்டி வெளியே வந்த இடத்திலேயே ஒடிந்துவிடும். துளைக்குள் சுருண்டு கிடக்கும் அடிக்கட்டைதான் புள்ளியாகத் தெரிவது. அசல் புழுவெட்டிலும் சில நேரம் கறுப்புப் புள்ளி வரும், ஆனால் செதில் வராது.

நீங்கள் கேட்க வேண்டியது: செதிலையும் அந்த முடிக்கட்டைகளையும் எடுத்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது, கூடவே கல்ச்சர், அதாவது பூஞ்சையைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பது. முதலாவதன் முடிவு அன்றைக்கே கிடைக்கும். கல்ச்சருக்கு இரண்டு முதல் நான்கு வாரம். லோஷனைத் தொடர வேண்டுமா என்று அந்த மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள். மாதிரி எடுப்பதற்கு முன்னால் பூஞ்சை ஷாம்பு எதுவும் போட வேண்டாம். எங்களுக்குக் கிடைக்க வேண்டியது கழுவிக்கொண்டு போய்விடும்.

#5 · சொல்லாய்வு · மார்ச் 5

புழுவெட்டில் புழு இல்லை. ஆங்கிலத்தில் படர்தாமரையை 'வளையப் புழு' என்பார்கள், அதிலும் புழு இல்லை. மருத்துவர்கள் எழுதும் டீனியா என்ற லத்தீன் சொல்லும் துணியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழுவைக் குறித்தது என்பார்கள். உலகம் முழுக்க எதையோ ஒன்று அரித்துத் தின்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள், ஆளைத்தான் தப்பாகப் பிடித்தார்கள். நம் 'படர்தாமரை' மட்டும் ஆளைச் சொல்லாமல் அது செய்வதைச் சொல்கிறது: நடுவில் ஆறிக்கொண்டே ஓரத்தில் படரும்.

#6 · பழையவழி · மார்ச் 5

இத்தனை சோதனை எதற்கு? நிறைய எண்ணெய் வைத்து ஊறவிடுங்கள். தலை வறண்டால்தான் இதெல்லாம் வரும். மாத்திரை என்று ஆரம்பித்தால் ஏழு வயதுக் குழந்தையின் ஈரல் என்னாவது?

#7 · மருந்துப்பெட்டி · மார்ச் 5

பழையவழி ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், மருந்தாளராக ஒரு வார்த்தை. தலையில் வரும் படர்தாமரைக்கு மட்டும் மேல்பூச்சு போதாது. பூஞ்சை உட்கார்ந்திருப்பது முடியின் வேர்க்குழிக்குள்ளே. எண்ணெயானாலும் களிம்பானாலும் மேலேயே நின்றுவிடும். உள்ளே போக ரத்தத்தின் வழியாக வரும் மாத்திரைதான் வேண்டும்: டெர்பினாஃபைன் அல்லது க்ரைசியோஃபல்வின். இதில் டெர்பினாஃபைன் ட்ரைக்கோஃபைட்டானுக்கு நன்றாக வேலை செய்யும், நான்கு வாரம் போதும். மைக்ரோஸ்போரத்துக்கு க்ரைசியோஃபல்வின்தான் மேல், ஆறு முதல் எட்டு வாரம், சில நேரம் அதற்கும் மேலே. அதைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் ஏறும். வெறும் வயிற்றில் கொடுத்துவிட்டு 'மருந்து வேலை செய்யவில்லை' என்பவர்கள் உண்டு. ஆக, எந்தப் பூஞ்சை என்று தெரிந்துகொள்வது வெறும் ஆர்வத்துக்காக அல்ல.

ஈரல் பயம் நியாயமானது. அதனால்தான் எடை பார்த்து அளவு போடுகிறார்கள், முன்பே ஏதாவது ஈரல் கோளாறு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். உண்மையில் ஈரலுக்குப் பெயர்போனது கெட்டோகோனசோல் மாத்திரை. ஐரோப்பாவில் 2013-ல் பூஞ்சைத் தொற்றுக்கு அதை நிறுத்தியே விட்டார்கள். ஷாம்புவாகப் போடும் கெட்டோகோனசோலுக்கு இந்தப் பயம் வேண்டாம், அது உள்ளே போவதில்லை.

எண்ணெய் விஷயம் தனிக்கதை. பொடுகில் பங்குள்ள மலசீசியா என்ற ஈஸ்ட்டுக்கு எண்ணெய்தான் சாப்பாடு. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே செய்துகொள்ள அதற்குத் தெரியாது.

#8 · நுண்ணோக்கி · மார்ச் 5

இதற்கு நான் சாட்சி. மற்ற பூஞ்சைக்கெல்லாம் வழக்கமான ஊடகத் தட்டு போதும். மலசீசியாவை வளர்க்க வேண்டுமென்றால் தட்டின் மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்ற வேண்டும். எண்ணெய் இல்லாமல் அதன் பெரும்பாலான வகைகள் ஒரு புள்ளிகூட வளராது.

#9 · எட்டாம்முறை · மார்ச் 5

ஸ்டீராய்டு என்ற வார்த்தையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இடுப்புப் பட்டை உரசும் இடத்தில் எனக்கு ஒரே ஒரு வட்டம் வந்தது. அறிமுகமான ஒருவர் பாதி தீர்ந்த ட்யூப் ஒன்றைக் கொடுத்தார். தடவிய அன்றிரவே அரிப்பு நின்றது. நான்காம் நாள் சிவப்பே இல்லை. விட்டேன். பத்தாம் நாள் வந்தது, இந்த முறை இரண்டு வட்டம். மறுபடி தடவினேன், மறுபடி போனது. இப்படி எட்டு முறை. ஒவ்வொரு முறையும் இடைவெளி குறைந்தது, இடம் பரந்தது.

கடைசியில் அது வட்டமாகவே இல்லை. ஓரத்தில் மேடாக, சிவப்பாக இருக்குமே, அது மறைந்து, நடுவில் சின்னச் சின்னப் பருக்களும் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களும். தோல் மருத்துவரே முதலில் எக்சிமாவா என்று யோசித்தார். பிறகு ட்யூபைக் கொண்டுவரச் சொன்னார். பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, க்ளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு மூன்றும் ஒன்றாகக் கலந்த களிம்பு. தொடை இடுக்கில் தோல் மெலிந்து பிரசவத் தழும்பு மாதிரி கோடுகள் விழுந்துவிட்டன. பூஞ்சை போய் இரண்டு வருடமாகிறது. கோடுகள் போகவில்லை, போகாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

#10 · தோல்படிப்பு · மார்ச் 5

தோல் மருத்துவ மேற்படிப்பு மாணவன். எட்டாம்முறை சொன்னதற்கு எங்கள் பாடத்தில் பெயரே உண்டு: டீனியா இன்காக்னிட்டோ, அதாவது மாறுவேடம் போட்ட படர்தாமரை. அரிப்பும் சிவப்பும் பூஞ்சை செய்வதல்ல. பூஞ்சையைப் பார்த்து நம் உடம்பு காட்டும் கோபம். ஸ்டீராய்டு அந்தக் கோபத்தை அடக்குகிறது. காவலாளியைத் தூங்கவைத்துவிட்டு வீடு அமைதியாக இருக்கிறது என்று சந்தோஷப்படுவது போல. உள்ளே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அக்காவின் மகனுக்கு அரிப்பு குறைந்து வட்டம் பெரிதானதும் இதேதான்.

ட்யூபில் பார்க்க வேண்டியது: பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டுப் பெயர் பொடி எழுத்தில் இருக்கிறதா என்று. 'பூஞ்சைக்கு' என்று மேலே பெரிதாக எழுதியிருப்பதை நம்பாதீர்கள்.

இன்னொன்று. டெர்பினாஃபைன் முன்பு கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். பூஞ்சையின் செல் உறைக்கு எர்கோஸ்டீரால் என்ற கொழுப்புப் பொருள் வேண்டும், அதைச் செய்யும் வழியில் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது, டெர்பினாஃபைன் அதை அடைக்கும். அந்த நொதியின் மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் மருந்து ஒட்டாது. 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தியா, நேபாளத்திலிருந்து வந்த நோயாளிகளிடம் பிரித்தெடுத்துப் பெயரிட்ட ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியேவில் இந்த மாற்றம் பரவலாக இருக்கிறது. இப்போது பல கண்டங்களில் பார்க்கிறார்கள். பெரும்பாலும் உடம்பிலும் தொடையிடுக்கிலும் வரும், தலைக்கு அதிகம் போவதில்லை. அதற்கு இட்ராகோனசோல் என்ற வேறு பூஞ்சை மருந்தின் பக்கம் போக வேண்டியிருக்கிறது.

அக்கா, ஒரே ஒரு எச்சரிக்கை. வட்டம் திடீரென்று சதசதவென்று வீங்கி, சீழ் கசிந்து, காய்ச்சல் வந்தால் அதற்குக் கெரியான் என்று பெயர். சீழ்க்கட்டி என்று நினைத்து யாரும் கீற விடாதீர்கள். அதுவும் பூஞ்சைதான், மாத்திரைதான் வைத்தியம். தாமதித்தால் அங்கே நிரந்தரமாக முடி வராமல் போகும்.

#11 · பூனைப்பிரியை · மார்ச் 6

பூனைக்கு யாராவது வக்கீல் வேண்டாமா? பூனையிடமிருந்து தொற்றுவது பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ். குட்டிகளிடமும் நீளமுடிப் பூனைகளிடமும் அதிகம். குற்றச்சாட்டில் நியாயம் இல்லாமல் இல்லை, பார்க்க நன்றாக இருக்கும் பூனைகூட முடியில் வித்துகளைச் சுமந்து திரியும். ஆனால் தண்டனைக்கு முன்னால் விசாரணை வேண்டும். கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். புதுப் பல்துலக்கி ஒன்றை எடுத்து உடம்பு முழுக்கச் சீவி, அந்தத் தூரிகையைக் கல்ச்சர் தட்டில் குத்தி எடுப்பார்கள். அது போதும். காது மடல், முகம், முன்னங்கால் ஆகிய இடங்களில் முடி கொட்டியிருக்கிறதா பாருங்கள்.

#12 · இரண்டு வாண்டுகளின் அம்மா · மார்ச் 7

எல்லாருக்கும் நன்றி. நேற்று தோல் சிறப்பு மருத்துவரிடம் போனோம். முனை மழுங்கிய கத்தியால் ஓரத்திலிருந்து செதிலைச் சுரண்டி ஒரு கறுப்புத் தாளில் விழவைத்தார்கள். சாம்பல் உதிர்வது மாதிரி இருந்தது. பிறகு இடுக்கியால் கறுப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். பையன் அழுவான் என்று பயந்தேன். "வலிக்கவே இல்லையே, சும்மா வருது" என்றான். அது எனக்குத்தான் எப்படியோ இருந்தது.

மாலையில் முடிவு: முடிக்குள்ளே வித்துகள். டெர்பினாஃபைன் எழுதியிருக்கிறார். இவன் 22 கிலோ, அதனால் நாளுக்கு 125 மில்லிகிராம், நான்கு வாரம். வாரத்தில் இரண்டு நாள் கெட்டோகோனசோல் ஷாம்பு, அது குணமாக்க அல்ல, வித்துகள் மற்றவர்களுக்குப் பரவாமல் இருக்க என்றார். ஸ்டீராய்டு லோஷன் நிறுத்தம். என் கைக்கு வெறும் களிம்பு போதுமாம். வட்டத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வெளியே வரை தடவு, மறைந்த பிறகும் ஒரு வாரம் விடாதே என்று சொன்னார். பள்ளிக்கு அனுப்பலாம், மொட்டை அடிக்க வேண்டாம்.

#13 · நுண்ணோக்கி · மார்ச் 7

முடி சும்மா வருவதுதான் சரியான முடி எடுத்ததற்கு அடையாளம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு முடியின் புரதமான கெரட்டினைக் கரைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடும், பூஞ்சையின் சுவர் கரையாது. பார்த்தால் ஒரு சாக்கு நிறைய கோலிக்குண்டைத் திணித்த மாதிரி இருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

#14 · வழுக்கைவீரன் · மார்ச் 8

ஒரு சந்தேகம். மாத்திரை வருவதற்கு முன்னால் இதற்கெல்லாம் என்ன செய்தார்கள்?

#15 · நுண்ணோக்கி · மார்ச் 8

கேட்டதற்குத் தண்டனையாக நீளமான பதில்.

1841-ல் பாரிசில் டேவிட் க்ரூபி என்ற ஹங்கேரி நாட்டு மருத்துவர், தலையில் தேன்கூடு மாதிரி மஞ்சள் பொருக்கு கட்டும் ஃபேவஸ் என்ற நோய்க்குப் பூஞ்சை காரணம் என்று காட்டினார். உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்து, அதைத் திரும்பத் தோலில் வைத்து நோயை உண்டாக்கியும் பார்த்தார். நோய்க்குக் கிருமிதான் காரணம் என்று நிறுவிய பாஸ்டர், காக் எல்லாம் வருவதற்கு முன்னால்! 1844-ல், முடிக்குள்ளேயே வித்து நிறையும் வகையை விவரித்தவரும் அவர்தான். அக்காவின் மகன் முடியில் பார்த்தார்களே, அதே வகை. அரை நூற்றாண்டு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதே பாரிசில் ரேமோன் சபூரோ வந்து இந்தப் பூஞ்சைகளை வரிசைப்படுத்தி 1910-ல் தடித்த நூலாகப் போட்டார். எங்கள் ஆய்வகத்தில் இன்றைக்கும் ஊற்றும் தட்டுக்கு அவர் பெயர்தான், சபூரோ ஊடகம்.

ஆனால் காரணம் தெரிந்ததே தவிர மருந்து இல்லை. முடியை வேரோடு பிடுங்கினார்கள். தலையில் தார் மாதிரி ஒன்றைப் பூசி, காய்ந்ததும் உரித்ததுகூட உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எக்ஸ்ரே வந்தது. தலைக்குக் கதிர் அடித்தால் முடி மொத்தமும் உதிரும், பூஞ்சையும் கூடவே போகும். சபூரோவே அதைப் பரப்பியவர்களில் ஒருவர். உலகெங்கும் எத்தனையோ குழந்தைகளுக்கு அடித்தார்கள். 1950-களில் இஸ்ரேலில் குடியேறி வந்த குடும்பங்களின் குழந்தைகளுக்குப் பெரிய அளவில் செய்தார்கள். பிற்பாடு அவர்களிடையே மூளைக் கட்டி, தைராய்டு புற்றுநோய் கூடியிருப்பது தெரியவந்து, 1994-ல் இழப்பீட்டுக்காகத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள்.

இதில் மனசை உறுத்துவது என்னவென்றால், க்ரைசியோஃபல்வினை ஒரு பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து 1939-லேயே பிரித்துவிட்டார்கள். வாய்வழியாகக் கொடுத்தால் படர்தாமரை போகும் என்று 1958-ல்தான் தெரிந்தது. இடையில் பத்தொன்பது வருடம் குழந்தைகளை எக்ஸ்ரேக்கு அடியில் படுக்கவைத்துக்கொண்டிருந்தார்கள்.

#16 · பழையவழி · மார்ச் 9

படித்தேன். எண்ணெய் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. எனக்கு நெஞ்சிலும் முதுகிலும் வெளிர் தேமல் இருபது வருடமாக வந்து வந்து போகிறது. அதுவும் இந்தப் பூஞ்சைதானா?

#17 · மருந்துப்பெட்டி · மார்ச் 9

இல்லை ஐயா. அது மலசீசியா, கெரட்டின் தின்னும் கூட்டம் அல்ல. ஏறக்குறைய எல்லார் தோலிலும் குடியிருப்பது. வியர்வையும் சூடும் கூடினால் ஈஸ்ட் வடிவத்திலிருந்து இழை வடிவத்துக்கு மாறித் தேமல் ஆகிறது. அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது. வெளியிலிருந்து யாரும் தரவில்லை. இதற்கு டெர்பினாஃபைன் மாத்திரை உதவாது (களிம்பாகப் போட்டால் உதவும்). கெட்டோகோனசோல் அல்லது செலினியம் சல்ஃபைடை உடம்பில் பூசி ஊறவைத்துக் கழுவலாம். பூஞ்சை செத்த பிறகும் வெள்ளை மாதக்கணக்கில் இருக்கும். நிறம் திரும்பவில்லை என்று மருந்தைத் தொடராதீர்கள். நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள்: மாவு மாதிரி செதில் வந்தால் இன்னும் இருக்கிறது, வராவிட்டால் போய்விட்டது.

#18 · இரண்டு வாண்டுகளின் அம்மா · மார்ச் 12

அவசரம்! மாத்திரை ஆரம்பித்து ஐந்து நாள். இன்று காலையிலிருந்து காதைச் சுற்றியும் கழுத்திலும் முதுகிலும் ஊசிமுனை அளவுப் பொரிப் பொரியாக. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா? இன்றைய மாத்திரையைக் கொடுக்கவா வேண்டாமா?

#19 · தோல்படிப்பு · மார்ச் 12

மூச்சுத் திணறல், உதடு வீக்கம், வாயில் புண், காய்ச்சல் இதில் எதுவாவது இருந்தால் உடனே மருத்துவமனை. எதுவும் இல்லையென்றாலும் இன்றே உங்கள் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லி, மாத்திரையைப் பற்றி அவரையே கேளுங்கள். நான் இங்கிருந்து சொல்லக் கூடாது.

ஆனால் அவர் 'இட் எதிர்வினை' என்று சொன்னால் ஆச்சரியப்பட மாட்டேன். மருந்து ஆரம்பித்த முதல் நாட்களில், பூஞ்சைக்கு எதிராகக் கிளம்பும் எதிர்ப்புச் சக்தி, பூஞ்சையே இல்லாத இடத்திலும் இப்படிப் பொரியாக வெளிப்படும். காதோரத்திலும் கழுத்திலும் தொடங்குவது வழக்கம். இதை ஒவ்வாமை என்று நினைத்து நல்ல மருந்தை நிறுத்திவிடுவது நடக்கிறது.

#20 · இரண்டு வாண்டுகளின் அம்மா · மார்ச் 12

காட்டிவிட்டு வந்தோம். நீங்கள் சொன்னதேதான். மாத்திரையைத் தொடரச் சொல்லி, அரிப்புக்கு ஒரு சிரப் கொடுத்தார். என் உயிர் இப்போதுதான் திரும்பி வந்தது.

#21 · இரண்டு வாண்டுகளின் அம்மா · மார்ச் 29

கல்ச்சர் வந்துவிட்டது. ட்ரைக்கோஃபைட்டான் டான்சுரன்ஸ். பூனையின் தட்டில் ஒன்றுமே வளரவில்லை. மாமியாரிடம் தாளைக் காட்டினேன். "சரி, உள்ளே விடு" என்றார், அவ்வளவுதான்.

இது பூனையிடமிருந்து வருவதில்லை, மனிதர்களிடமிருந்து மனிதர்களுக்குப் பரவுவது என்று மருத்துவர் சொன்னார். வீட்டில் எல்லார் தலையையும் பார்க்க வேண்டும் என்றார். மகள் தலையில் செதில் இல்லை, புள்ளி இல்லை, ஒரு முடி கொட்டவில்லை. ஆனால் அவள் தலையில் சீவிய தூரிகையில் அதே பூஞ்சை வளர்ந்திருக்கிறதாம்! மூன்று மாதமாக மல்யுத்த வகுப்புக்குப் போகிறாள். காலையில் அவசரத்தில் நான் இருவருக்கும் ஒரே சீப்பால்தான் சீவுவேன். இத்தனை நாள் பூனைக்காக அழுதவள், இப்போது "என்னாலயா தம்பிக்கு வந்துச்சு?" என்று அழுகிறாள்.

#22 · தோல்படிப்பு · மார்ச் 29

மகளிடம் சொல்லுங்கள்: அவளுக்கும் யாரோ தந்ததுதான். உடம்போடு உடம்பு உரசும் விளையாட்டுகளில் டான்சுரன்ஸ் பேர்போனது. ஜப்பானில் ஜூடோ பழகும் மாணவர்களிடையே 2000-களின் தொடக்கத்திலிருந்து பெரிய தொல்லையாக இருந்தது. அறிகுறியே இல்லாமல் சுமப்பவர்கள்தான் அதைச் சுற்றவிடுவது. பயிற்றுநரிடம் சொல்லுங்கள், பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட அல்ல, மற்ற குழந்தைகளையும் பார்க்க. வளர்ந்தது எவ்வளவு என்பதைப் பொறுத்து அவளுக்கு ஷாம்பு மட்டும் போதுமா, மாத்திரையும் வேண்டுமா என்று முடிவு செய்வார்கள்.

சீப்பு, தொப்பி, முடிக்கவ்வி, தலையணை உறை எல்லாம் ஆளுக்கு ஒன்று. உதிர்ந்த முடியிலும் செதிலிலும் வித்துகள் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். துணியை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். சீப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள், அதைக் கழுவிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

#23 · எட்டாம்முறை · மார்ச் 30

சீப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. எனக்கு இடுப்பில் திரும்பத் திரும்ப வந்ததற்குக் களிம்பு பாதிக் காரணம்தான். மீதி என் கால்விரல் இடுக்கு. சேற்றுப்புண் வருடக்கணக்காக இருந்தது, அரிக்காததால் கண்டுகொள்ளவே இல்லை. உள்ளாடையை மாட்டும்போது பாதத்திலிருந்து மேலே கொண்டுபோயிருக்கிறேன். முதலில் காலுறை, அப்புறம் உள்ளாடை என்று மருத்துவர் வரிசையை மாற்றச் சொன்னார். சிரித்தேன். இப்போது அப்படித்தான் உடுத்துகிறேன்.

#24 · இரண்டு வாண்டுகளின் அம்மா · ஏப்ரல் 20

நான்கு வாரம் முடிந்து மறுபடி சுரண்டி எடுத்தார்கள். நுண்ணோக்கியில் எதுவும் இல்லை. கல்ச்சருக்கு இன்னும் பத்து நாள் காத்திருக்க வேண்டுமாம், அது வரும்வரை குணமானது என்று எழுத மாட்டேன் என்கிறார் மருத்துவர். மகளுக்கு ஷாம்பு மட்டும் போதும் என்றார். அவளது இரண்டாவது தட்டில் எதுவும் வளரவில்லை.

நேற்று குளிப்பாட்டும்போது அந்த இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். செதில் இல்லை. ஓரத்தில் கண்ணிமை முடி மாதிரி சன்னமாக, கறுப்பாக வரிசை கட்டி நிற்கிறது. நடுவில் இன்னும் வரவில்லை. வகுப்பில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு இருந்ததாகப் பயிற்றுநர் சொன்னார், விரிப்பை மாற்றியிருக்கிறார்கள்.

#25 · நுண்ணோக்கி · ஏப்ரல் 20

நடுப்பகுதிக்கு இன்னும் சில வாரம் கொடுங்கள். கெரியான் ஆகாததால் வேர் அப்படியே இருக்கும். கல்ச்சர் முடிவு வந்ததும் எழுதுங்கள். முடிந்தால் தட்டின் அடிப்பக்கம் என்ன நிறம் என்றும் கேட்டுச் சொல்லுங்கள்; முதல் தட்டில் டான்சுரன்ஸ் செம்பழுப்பாக இருந்திருக்கும்.

#26 · பூனைப்பிரியை · ஏப்ரல் 21

பூனை எங்கே தூங்குகிறது?

#27 · இரண்டு வாண்டுகளின் அம்மா · ஏப்ரல் 21

மாமியார் கட்டிலில்.